வெள்ளலூர்க் காசும் எருசலேம் வினாவும்

கோவைக்குத் தென்கிழக்கே நொய்யலை அடுத்திருக்கும் வெள்ளலூர், இன்று நாளேடுகளில் பெரும்பாலும் மாநகராட்சிக் குப்பைக் கிடங்கின் பொருட்டே அடிபடுகிறது. நாணயவியலில் சிறிது பழக்கமுள்ளவர்க்கு அப்பெயர் வேறொன்றை நினைவூட்டும். 1842ஆம் ஆண்டில் அவ்வூரில் 500க்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. 1891இல் மீண்டும் ஒரு புதையல். அதிலும் 500க்கு மேல். பொள்ளாச்சி, கரூர், அவிநாசியை அடுத்த கத்தாங்கண்ணி எனக் கொங்கு நாட்டில் வேறு பல ஊர்களிலும் இத்தகைய காசுகள் வெளிப்பட்டிருக்கின்றன. உடுமலைப் பக்கத்துப் பூதிநத்தத்தில் 1946இல் கிடைத்தவை ஏறத்தாழ 1,400. இவற்றுள் மிகுதியானவை இரு பேரரசர்களுடையவை. ஒருவன் அகஸ்டஸ், மற்றவன் அவனுக்குப்பின் கி.பி. 14 முதல் 37 வரை ஆண்ட திபேரியஸ்.

திபேரியஸின் காசை ஒருமுறை பார்த்தவர் மறப்பதில்லை. நான்கு கிராமுக்குச் சற்றுக் குறைந்த எடை. முன்புறத்தில் வாகை சூடிய தலை. அதைச் சுற்றித் 'தெய்வமாகிய அகஸ்டஸின் மகன், திபேரியஸ் சீசர் அகஸ்டஸ்' என்று பொருள்படும் இலத்தீன் எழுத்துகள், சுருக்கெழுத்தாக. பின்புறத்தில் ஒரு கையில் செங்கோலும் மறுகையில் கிளையும் ஏந்தி அமர்ந்திருக்கும் ஒரு பெண். அவளைப் பேரரசனின் தாய் லிவியா என்பாரும் உளர். அவளைச் சுற்றி எழுதியிருப்பது 'தலைமைக் குரு' என்னும் பட்டம். இன்றைய பிரான்சிலுள்ள லியோன் நகரத்து அக்கசாலையில் அச்சிடப்பட்ட இந்தத் தெனாரியம்தான், சீசருக்கு வரி கொடுப்பது தகுமா என்று இயேசுவிடம் வினவியபோது அவர் கையில் கொடுக்கப்பட்ட காசு என அறிஞர் பலர் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றனர்.

கிறித்தவத்தின் தொடக்கத்தைப் பற்றித் தமிழில் பேசப் புகுந்தால் உடனே தோமையார் வந்துவிடுவார். அவர் கி.பி. 52இல் சேரநாட்டுக் கடற்கரையில் இறங்கினார் என்பது ஒரு மரபு. அவருடைய இந்தியப் பயணத்தைச் சொல்லும் 'தோமாவின் பணிகள்' என்னும் சிரிய நூல் 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அவ்வழக்கை நாம் இங்கே எடுக்கவில்லை. நம் காலடியில் கிடைத்த காசைக் கையில் வைத்துக்கொண்டு, அது அங்கே யாது பொருள் தந்தது என்று மட்டும் பார்ப்போம்.

இங்கே அது யாது பொருள் தந்தது என்பதில் பெரிய சிக்கலில்லை. அது வெள்ளி. முசிறித் துறையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கே ஏறிய வணிகப் பெருவழி கொங்கின் ஊடாகவே சென்றது. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று குறிக்கும் ஊர் இன்றைய கொடுமணல் என்பர். அங்கே 1985 தொடங்கி நடந்த அகழாய்வுகள் இரும்பு உருக்கியதற்கும் மணிக்கற்களை அறுத்துத் தீட்டியதற்கும் சான்றுகளை அள்ளித் தந்தன. காங்கயம் அருகே படியூரின் பச்சைக்கல் ரோமானியச் சீமாட்டிகள் விரும்பி அணிந்த வகையைச் சார்ந்தது. ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டெர்ஸ் இந்தியாவுக்குப் போய்விடுகிறதே என்று மூத்த பிளினி நொந்துகொண்ட செல்வத்தில் ஒரு சிறு பங்கு நொய்யல் கரையில் புதைந்து கிடந்தது என்று சொல்லலாம்.

காசின்மேல் இருந்த தலையைப் பற்றி இங்கே யாரும் கலங்கியதாகத் தெரியவில்லை. மாறாக அது பிடித்துப் போயிருக்க வேண்டும். கரூரில் கிடைத்த சேரர் வெள்ளிக்காசுகளில் 'மாக்கோதை' என்று தமிழி எழுத்தில் பொறித்து அதன்கீழ் ஒரு மனிதத் தலையை வைத்திருக்கிறார்கள். வேந்தன் தன் தலையைக் காசில் போட்டுக்கொள்ளலாம் என்னும் எண்ணம் ரோமானியக் காசைப் பார்த்து வந்தது என்பதை அம்முகத்தின் வார்ப்பே காட்டிக்கொடுக்கும்.

இதே தலை எருசலேமில் ஊரைக் கொளுத்தப் போதுமானதாக இருந்தது.

கி.பி. 6இல் யூதேயா ரோமின் நேரடி ஆட்சிக்கு வந்தது. வரி விதிப்பதற்காகக் குடிமதிப்பு எடுத்தார்கள். கலிலேயனாகிய யூதா என்பவன் அதை எதிர்த்துக் கிளர்ந்தான். கடவுள் ஒருவரே தலைவர். மனிதன் ஒருவனுக்குத் திறை கட்டுவது அத்தலைமையை மறுப்பதாகும் என்பது அவன் கட்சி. இதை நமக்குச் சொல்பவர் யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ். அவரே இன்னொன்றும் சொல்கிறார். கி.பி. 26இல் ஆளுநனாக வந்த பிலாத்து, பேரரசனின் உருவம் தாங்கிய படைக்கொடிகளை இரவோடிரவாக எருசலேமுக்குள் கொண்டுவந்தான். மக்கள் செசரியாவுக்குத் திரண்டு சென்று நாள்கணக்கில் அவன் மாளிகைமுன் கிடந்தார்கள். வாளை உருவியபோது கழுத்தை நீட்டினார்கள். அவன் கொடிகளைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. உருவம் செய்து வணங்காதே என்னும் கட்டளை அம்மக்களுக்கு ஏட்டில் இருந்த விதி அன்று. உயிரைப் பணயம் வைக்கும் அளவுக்கு உடம்பில் ஊறியது. அதனாலேயே யூதேயாவில் ரோமானிய ஆளுநர்கள் அடித்த செப்புக்காசுகளில்கூடப் பேரரசனின் தலை இல்லை. கலிலேயாவை ஆண்ட ஏரோது அந்திப்பாவும் தன் காசுகளில் நாணலையும் பனங்கிளையையும் வைத்தானேயன்றித் தன் முகத்தை வைக்கவில்லை.

இந்தப் பின்னணியோடு மாற்கு நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்துக்கு வருவோம். இடம் ஆலய வளாகம். பாஸ்கா விழாவை ஒட்டிய நாள்கள். ஊர் நிறையக் கூட்டம். பரிசேயரும் ஏரோதின் ஆள்களும் சேர்ந்து வந்து, முதலில் புகழ்ந்துவிட்டு, வரி கொடுக்கலாமா கூடாதா என்று கேட்கிறார்கள். கொடு என்றால் கலிலேய யூதாவின் நினைவு மாறாத மக்கள் வெறுப்பார்கள். கொடுக்காதே என்றால் பிலாத்திடம் ஒப்படைத்துவிடலாம். இயேசு விடை சொல்லவில்லை, காசு கேட்கிறார். அவரிடம் அது இல்லை. வினவியவர்களிடம் இருக்கிறது, அதுவும் ஆலயத்துக்குள்ளேயே. காசில் 'தலைமைக் குரு' என்று எழுதியிருக்கிறது என்றோமல்லவா? அந்த வளாகத்தின் யூதத் தலைமைக் குருவாகிய கயபாவை அப்பதவியில் அமர்த்தியவன் ஒரு ரோமானிய ஆளுநன். தலைமைக் குரு விழாக்களில் அணியும் ஆடையே அந்நாளில் ரோமானியரின் பூட்டில் இருந்தது. இத்தனையும் அந்தச் சிறு வெள்ளியில் அடக்கம்.

இதன்பின் அவர் கேட்டதும் சொன்னதும் எல்லாரும் அறிந்தவை. உருவம் யாருடையது என்கிறார். சீசருடையது என்கிறார்கள். அவனுடையதை அவனுக்கும் கடவுளுடையதைக் கடவுளுக்கும் திருப்பிக் கொடுங்கள் என்று முடிக்கிறார்.

இங்கே நாம் நேர்மையோடு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எருசலேமில் கி.பி. 70க்கு முற்பட்ட அடுக்குகளில் ரோமானியத் தெனாரியங்கள் மிக அரிதாகவே கிடைத்திருக்கின்றன. அங்கே புழங்கிய வெள்ளி பெரும்பாலும் தீர் நகரத்துச் செக்கேல். கொங்கு மண்ணில் நூற்றுக்கணக்கில் கிடைக்கும் திபேரியஸ் காசு, அதைப் பற்றிய புகழ்பெற்ற கதை நடந்த ஊரில் தேடினாலும் அகப்படுவதில்லை! ஆதலால் சில ஆய்வாளர்கள் தெனாரியம் என்னும் சொல்லே கி.பி. 70ஐ ஒட்டி எழுதிய நற்செய்தியாளர் தம் வாசகருக்கு விளங்கும்படி இட்டது எனக் கருதுகின்றனர். இருக்கலாம். அந்தியோக்கியாவில் அடித்த பெரிய வெள்ளிகளிலும் பேரரசர் தலை உண்டு. காசு எதுவாயினும் தலை தலைதான். இதைவிட வியப்பானது, ஆலயவரி செலுத்த ஏற்ற காசு தீர் நகரத்துச் செக்கேல் என்பதும், அதன் முன்புறத்தில் மெல்கார்ட் என்னும் பிற தெய்வத்தின் தலை இருந்தது என்பதும். வெள்ளி தூயதாக இருந்தமையால் குருமார் அதை ஏற்றார்கள். கொள்கையும் கணக்கும் எல்லா ஊரிலும் இப்படித்தான் ஒத்துப்போகின்றன போலும்.

அவ்விடையைத் தமிழில் படிக்கும்போது ஒரு நுட்பம் நழுவிப்போகிறது. சீர்திருத்தச் சபைகளின் பழைய மொழிபெயர்ப்பில் சீசர் 'இராயன்' ஆகிறான். விசயநகர இராயர்களையும் அவர்தம் வரியையும் கண்ட நாட்டுக்குப் பொருத்தமான சொல். மொழிபெயர்த்தவரின் காதை மெச்சத்தான் வேண்டும். தெனாரியம் 'பணம்' ஆயிற்று. அதுவும் நன்று, திராட்சைத் தோட்டத்து உவமையில் ஒரு நாள் கூலி ஒரு பணம் என்று வரும்போது, பொன்பணம் புழங்கிய மக்களுக்கு உடனே விளங்கியிருக்கும். ஆனால் காசின் உருவத்துக்கு இட்ட சொல் 'சுரூபம்'. ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் கடவுள் மனிதனைப் படைக்கும் இடத்தில் வரும் சொல் 'சாயல்'. கிரேக்கத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல்: ஐக்கோன். யூதர் கிரேக்கத்தில் படித்த திருமறையிலும் மாற்கிலும் அதுவேதான். ஆகவே 'இந்த உருவம் யாருடையது' என்று ஒரு யூதர் யூதரிடம் ஆலயத்தில் நின்று கேட்டால், கேட்டவர் செவியில் அடுத்த வினா தானே எழும்: கடவுளின் உருவம் எதன்மேல் பொறிக்கப்பட்டிருக்கிறது? மனிதன்மேல். காசு சீசருக்குப் போகட்டும், மனிதன் யாருக்கு?

இவ்விளக்கம் நம் சொந்தச் சரக்கன்று. இரண்டாம், மூன்றாம் நூற்றாண்டுகளின் சந்தியில் வாழ்ந்த தெர்த்துல்லியன் இதையே சொன்னார். சாயல், சுரூபம் என்று இரு சொற்களாகப் பிரிந்தபின் தமிழ்ச் செவிக்கு இது எட்டுவதில்லை. எஞ்சி நிற்பது, அரசுக்கு ஒரு பாதி, கோயிலுக்கு ஒரு பாதி என்னும் பங்கீட்டுச் சூத்திரம். மேடைகளில் அரசியலர் அந்தப் பொருளில்தான் இதை எடுத்தாள்கிறார்கள். கடவுளுக்கு வெளியே ஒரு பாதி உண்டு என்று எண்ணக்கூட இயலாத மரபில் பிறந்த ஒருவர் வாயில் அச்சூத்திரம் எப்படி வந்திருக்கும்? விடை கேட்டவர்கள் வியந்தார்கள் என்று மாற்கு எழுதுகிறார். பங்கீட்டுக்கு யார் வியப்பார்?

அதே அதிகாரத்தைத் தொடர்ந்து படித்தால் இது இன்னும் தெளிவாகும். அடுத்து சதுசேயர் வந்து உயிர்த்தெழுதல் உண்டா என்று மடக்குகிறார்கள். அவர்களுக்கு அதில் நம்பிக்கை இல்லை. இயேசு மோசேயின் நூலிலிருந்தே ஒரு சொற்றொடரை எடுத்து அதன் இலக்கணத்தைக்கொண்டு விடையளிக்கிறார். உயிர்த்தெழுதலில் அவர் நிற்பது பரிசேயர் பக்கம். அடுத்து ஒரு மறைநூல் அறிஞர் தலையாய கட்டளை எதுவென்று வினவுகிறார். கடவுள் ஒருவரே, அவரிடம் முழு உள்ளத்தோடு அன்புகூர் என்னும் உபாகம வாக்கும், அயலானை உன்னைப்போல் நேசி என்னும் லேவியர் வாக்கும் விடையாக வருகின்றன. அறிஞர் அதை மனமார ஒப்புக்கொள்கிறார். இயேசு அவரைப் பாராட்டுகிறார். இரண்டு வாக்கும் பழைய யூத மறையிலிருந்து எடுத்தவை. உனக்கு வெறுப்பானதைப் பிறர்க்குச் செய்யாதே, எஞ்சியவை விரிவுரை என்று இல்லேல் என்னும் ஆசான் சொன்னதாக யூத மரபு சொல்லும்; அவர் இயேசுவுக்கு ஒரு தலைமுறை முந்தியவர். உவமை சொல்லி உணர்த்துவதும், வினாவுக்கு எதிர்வினா தொடுப்பதும் அந்த ஆசான்களின் பொதுச்சொத்து. 1947 தொடங்கிக் கும்ரான் குகைகளில் கிடைத்த தோற்சுருள்கள் வந்தபின், கடவுளின் வருகையை எதிர்நோக்கிப் பொதுப்பந்தியில் அமர்ந்த வேறு குழுவினரும் அதே நாட்டில் இருந்தனர் என்பது உறுதிப்பட்டது.

நம் ஊரில் 'பரிசேயன்' என்றால் வேடதாரி என்று பொருளாகிவிட்டது. கிறித்தவரல்லாதாரும் அவ்வாறே வழங்குகின்றனர். நற்செய்திகளின் கடுமொழிகள் அதற்குக் காரணம். அக்கடுமொழிகள் ஒரு வீட்டுக்குள் நடந்த சண்டையின் மொழி என்பதை மறந்தது பெருங்காரணம். வடகலையும் தென்கலையும் நாமத்தின் வடிவுக்காக நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. அவ்வழக்குகளைப் படித்துவிட்டு, தென்கலையார் வைணவத்துக்குப் பகைவர் என்று யாராவது எழுதினால் நாம் சிரிப்போம். பவுல் தம்மைப் பரிசேயர் என்றே அறிவித்துக்கொண்டவர். அச்சொல் ஐரோப்பாவில் யூதர் மீதான வெறுப்புக்குத் தீனியான வரலாற்றை அறிந்தபின்னும் வகுப்பறையில் அதைக் கூசாமல் வசையாக வழங்குவது, நம்மைப் போன்ற ஆசிரியர்களுக்கு அழகன்று.

கொங்குக் காசுக்கும் எருசலேமுக்கும் இடையே கைவிட்டு எண்ணத்தக்க ஒரு குடும்பத்தார் நிற்கிறார்கள். அலெக்சாந்திரியாவில் வரித்தண்டல் மேலாளராக இருந்த அலெக்சாந்தர் என்னும் யூதச் செல்வர் ஒருவர். மெய்யியலாளர் பிலோவின் உடன்பிறந்தவர். எருசலேம் ஆலயத்தின் பத்து வாயில்களில் ஒன்பதைப் பொன்னாலும் வெள்ளியாலும் போர்த்தியவர் இவரே என்கிறார் யோசேபஸ். இவர் மகன் மார்க்கஸின் முகவர்கள், எகிப்தின் செங்கடல் துறைகளான பெரெனிகேயிலும் மியோஸ் ஓர்மோஸிலும் இருந்தார்கள் என்பதை, நிகானோர் என்னும் ஒட்டக வண்டிக்காரக் குடும்பத்தின் ஓட்டுச்சில்லுக் கணக்குகள் காட்டுகின்றன. காலம் கி.பி. 37ஐ ஒட்டியது. முசிறிக்குக் கப்பல் புறப்பட்ட துறைகள் அவை. வெள்ளலூர் வெள்ளி அவர்தம் பெட்டகத்தைக் கடந்தது என்று நாம் சொல்லமாட்டோம். அவ்வழியாகத்தான் இவ்வெள்ளி வந்தது என்பது வரை சொல்லலாம்.

மார்க்கஸ் மணந்த பெண் பெரெனிகே, ஏரோது அகிரிப்பாவின் மகள். யோவானின் உடன்பிறந்த யாக்கோபை வாளால் கொன்றான் என்று திருத்தூதர் பணிகள் கூறும் அதே அகிரிப்பா. மார்க்கஸ் இளமையிலேயே இறந்தான். பிற்காலத்தில் செசரியாவில் விலங்கோடு நின்று பவுல் வாதாடியபோது, தன் அண்ணனாகிய அரசனோடு அமர்ந்து கேட்டவள் இந்தப் பெரெனிகேதான். மார்க்கஸின் உடன்பிறந்த திபேரியஸ் அலெக்சாந்தரின் கதை வேறு. யூத மரபைக் கைவிட்டு ரோமானிய அலுவலனானான். கி.பி. 46 முதல் 48 வரை யூதேயாவின் ஆளுநன். கலிலேய யூதாவின் மக்கள் இருவரைச் சிலுவையில் அறைந்தவன் இவனே. கி.பி. 70இல் தீத்து எருசலேமை முற்றுகையிட்டபோது படைத்தலைமையில் உடன் நின்றான். தந்தை பொன்போர்த்திய வாயில்கள் எரிந்ததை மகன் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தான்.

அந்த ஆலயம் நின்றவரை, இயேசுவின் அடியார்கள் அதை விட்டு விலகவில்லை. நாள்தோறும் அங்கே கூடினார்கள். எருசலேம் குழுவுக்கு இயேசுவின் சகோதரர் யாக்கோபு தலைவர்; கி.பி. 62இல் அவர் கொல்லப்பட்டபோது, சட்டத்தில் கருத்துடைய யூதர்களே அச்செயலைக் கண்டித்தார்கள் என்று யோசேபஸ் எழுதுகிறார். கி.பி. 49ஐ ஒட்டி அங்கே கூடி அவர்கள் தீர்த்த வழக்கு, யூதரல்லாதார் இவ்வழியில் சேர விருத்தசேதனம் வேண்டுமா என்பது. யூதராவது கட்டாயமா என்பதே வினா. யூதராக இருக்கலாமா என்பது எவர் மனத்திலும் எழவில்லை. 'கிறித்தவர்' என்னும் பெயர்கூட எருசலேமில் பிறந்ததன்று, அந்தியோக்கியாவில் பிறந்தது.

பிரிவினைக்குக் காரணம் இறையியல் மட்டும் என்று எண்ணுவது நூலறிவினர்க்கு இயல்பு. காசும் அதில் கைகொடுத்தது. ஆலயம் எரிந்தபின், யூதர் ஆண்டுதோறும் ஆலயத்துக்குக் கொடுத்துவந்த அரைச் செக்கேலை, இனி ரோமின் யூப்பித்தர் கோயிலுக்குக் கட்ட வேண்டும் என்று வெஸ்பாசியன் ஆணையிட்டான். தொமித்தியன் காலத்தில் தண்டலர் அதைக் கடுமையாகப் பிடித்தார்கள். முதியவர் ஒருவரின் ஆடையைக் களைந்து, அவர் விருத்தசேதனம் பெற்றவரா என்று அவையில் சோதித்ததைச் சிறுவயதில் கண்டதாகச் சுவெத்தோனியஸ் எழுதியிருக்கிறார். கி.பி. 96இல் வந்த நெர்வா அக்கொடுமையை நீக்கிவிட்டதாகக் காசிலேயே விளம்பரம் செய்தான். வரி கட்டுபவன் யூதன், கட்டாதவன் அல்லன் என்று அரசு கோடு கிழித்ததும், யூத வழியில் வந்த கிறித்தவர்கள் தாம் எப்பக்கம் என்று அரசுக்கு விடைசொல்ல வேண்டிய நிலை வந்தது. பிரிவைப் பற்றி எழுதும் ஆய்வாளர் சிலர் இவ்வரிக்குப் பெரும் இடம் தருகின்றனர்; நமக்கும் அது ஏற்புடையதாகவே படுகிறது.

கடைசி முறிவு கி.பி. 132இல். பார் கொக்பாவின் தலைமையில் யூதேயா மீண்டும் எழுந்தது. அவனை மெசியா என்று ஏற்றவர் உண்டு. இயேசுவையே மெசியா என்று பற்றிய யூதர்கள் ஏற்க இயலாது, அதற்காகத் துன்புறுத்தப்பட்டார்கள் என்கிறார் அக்காலத்தவரான யுஸ்தீன். எழுச்சி 135இல் நசுக்கப்பட்டது. யூதர்க்கு எருசலேமில் கால்வைக்கத் தடை வந்தது. அதுவரை அந்நகரில் ஆயர்களாயிருந்த 15 பேரும் யூத மரபினர், அதன்பின் வந்தவர் புறவினத்தார் என்று யூசேபியஸ் கணக்கு வைத்திருக்கிறார்.

அந்த மூன்றரை ஆண்டுகளில் எழுச்சியாளர்கள் காசு அடித்தார்கள். புதிதாக வெள்ளி உருக்கவில்லை. கையிலிருந்த ரோமானியக் காசுகளையே எடுத்துக்கொண்டார்கள். புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகளில் மிகப் பலவற்றில் பேரரசன் முகத்தின் குறுக்கே உளிவெட்டு உண்டு. அதை வணிகக் காரணம் என்றே பலரும் கொள்கின்றனர், செல்லாது என்பதன் அடையாளமாக. யூதேயாவிலோ தெனாரியத்தின்மேல் தம் அச்சை வைத்து ஓங்கி அடித்தார்கள். பெரிய செப்புக்காசுகளில் அதற்குமுன் அரத்தால் தேய்த்துத் தலையைப் போக்கினார்கள். அந்த இடத்தில் யாழும் திராட்சைக் குலையும் வெள்ளி எக்காளங்களும் ஏறின. பெரிய வெள்ளியில், அறுபது ஆண்டுகளுக்குமுன் எரிந்துபோன ஆலயத்தின் முகப்பு. அச்சு சற்றே கோணலாக விழுந்த காசுகளில், யாழின் நரம்புகளுக்குப் பக்கத்தில், பேரரசனின் பெயரெழுத்து ஒன்றிரண்டும் வாகைமாலையின் ஓரமும் இன்றும் தெரிகின்றன.